காலையில் விமானம் இறங்கி அன்று பின்னேரமே கப்பல் ஏறலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன். இலங்கையின் வடக்கே பரந்தனில் இருக்கும் அப்பாவையும் அம்மாவையும் கனடாவில் இருக்கும் அண்ணா சிங்கப்பூருக்கு வரவழைத்து, குடும்பமாக நான்கு இரவுக் கப்பல் பயணம் போக ஒழுங்கு செய்திருக்கிறார். கப்பல் வெள்ளிக்கிழமை பின்னேரம் 5 மணிக்கு வெளிக்கிடுகிறது. அப்பா அம்மா வரும் கொழும்பு விமானம் அதே வெள்ளி காலை 7.30க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது. நடுவில் ஒன்பதரை மணித்தியாலம் கிடக்கிறது, இது காணாதா, ஒரு நாள் முன்னமே போய் ஹோட்டலுக்குக் காசு கட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: அப்பாவுக்கு இது முதல் விமானப் பயணம். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. வழியில் எங்கேயாவது ஒன்று பிசகினால் அவர்கள் இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பல வருடம் பயணிகள் கப்பல்களின் வரவேற்பு மேசையில் வேலை செய்தவன். இப்போது வவுனியாவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கப்பல் பக்கமும் தெரியும், வடக்கிலிருந்து தெற்கே போகும் ஏ9 வீதிப் பக்கமும் தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் வியாழக்கிழமை காலையே சிங்கப்பூரில் இறங்கட்டும். இந்தப் பயணத்தில் நீங்கள் கட்டும் காசுகளில் அந்த ஒரு இரவுக் காசுதான் மிகவும் பிரயோசனமானது. காரணங்களை விளக்கமாக எழுதுகிறேன், அண்ணாவிடமும் காட்டலாம்.

முதலில் அந்த 5 மணி. அது கப்பலின் கயிறு அவிழ்க்கும் நேரம். பயணிக்கான நேரம் அதற்கு நன்றாக முன்னமே முடிந்துவிடும். பெரும்பாலான கம்பனிகள் வெளிக்கிடும் நேரத்துக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பாகப் பதிவு மேசையை மூடிவிடுகின்றன. ஆகவே உங்கள் கணக்கில் 5 என்று இருக்கும் இடத்தில் 3.30 என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கம்பனியின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலை முடித்து அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். அதோடு 2012இல் கொஸ்தா கொன்கோர்டியா கப்பல் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிச் சரிந்த பிறகு சர்வதேச விதியும் இறுக்கப்பட்டது. புதிதாக ஏறிய பயணிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சியை 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்று முன்பு இருந்தது. 2015இலிருந்து, கப்பல் வெளிக்கிட முன்னரோ வெளிக்கிட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறும் ஆளுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கடைசி அரை மணித்தியாலம் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் திரையில் இன்னும் ஏறாதவர்களின் பெயரும் அறை இலக்கமும் மட்டும் மிஞ்சி நிற்கும். ஒவ்வொரு பெயராக ஃபோன் எடுப்போம். சிலருடையது மணி அடிக்கும், எடுக்கமாட்டார்கள். சிலருடையது நிறுத்தி வைத்திருக்கும், ஆள் இன்னும் ஆகாயத்தில் இருக்கிறார் என்று விளங்கிக்கொள்வோம். பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்து அந்தப் பட்டியலை அச்சடித்து வாங்கிக்கொண்டு கீழே இறங்குவார். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஏறும் பாலமான கேங்வே உள்ளே இழுபடும் அதிர்வு தரை வழியாகக் காலில் தெரியும். அதோடு அந்தப் பெயர்களுக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டுவிடுவோம். கப்டன் நிற்க விரும்பினாலும் நிற்க முடியாது. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட்டும் இழுவைப் படகுகளும் அந்த நேரத்துக்குப் பதிவாகி வந்து நிற்கும், அடுத்த துறைமுகத்தில் கட்டும் இடமும் நேரம் குறித்து எடுத்ததாக இருக்கும்.

சரி, இனி மணிக்கணக்கைப் பார்ப்போம். 7.30க்கு இறங்கினால், விமானத்தை விட்டு வெளியே வந்து, குடிவரவு முடித்து, பெட்டி எடுக்க வயதானவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து மரீனா பே கப்பல் முனையத்துக்கு டாக்சியில் சாதாரண நாளில் அரை மணித்தியாலம் அளவுதான். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பத்து மணிக்கு முன்னரே முனையத்தில் நிற்பார்கள், பதிவு மேசை திறக்கும்வரை கதிரையில் இருந்து காத்திருக்கவும் வேண்டிவரும். ஆக, பெரும்பாலான நாட்களில் உங்கள் திட்டம் சரிவரும் என்பது உண்மை. விமானம் இரண்டு மூன்று மணித்தியாலம் சுணங்கினாலும் சமாளிக்கலாம். எனக்குப் பயம் விமானம் ரத்தாகும் நாளை நினைத்துத்தான். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு நேரே பறப்பவை ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. நள்ளிரவு விமானம் இயந்திரக் கோளாறால் நின்றுவிட்டால், அடுத்ததில் இடம் கிடைத்து இறங்கும்போது கப்பல் கடலில் இருக்கும். விமானக் கம்பனி அவர்களைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் இறக்கும், காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் தங்குமிடமும்கூடத் தரலாம். தவறிப்போன கப்பலின் காசை அது தருவது அரிது. கப்பல் கம்பனியும் வராதவருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்காது.

இணையத்தில் நீங்கள் வாசித்த ஆலோசனைகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து போய் ஏறிக்கொள்ளுங்கள் என்று அவற்றில் சுலபமாக எழுதியிருப்பார்கள். அண்ணாவுக்கு அது சரி. கனடாப் பாஸ்போட்டோடு அவர் மலேசியாவின் பினாங்குக்கோ கிள்ளானுக்கோ விசா இல்லாமல் போய் இறங்கலாம். அப்பா அம்மாவின் இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்காது, மலேசியா கேட்கும். அடுத்த துறைமுகம் மலேசியாவில் என்றால், கையில் விசா இல்லாமல் கப்பலைத் துரத்திப் பிடிக்க வழியே கிடையாது. தாய்லாந்து 2024இல் எங்களுக்கு விசா விதியைத் தளர்த்தியது, ஆனால் அங்கே விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஃபுக்கெட் போகும் கப்பல் என்றால் பயண மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விசா இருந்தாலும் நடுவழியில் ஏறுவதற்குக் கப்பல் கம்பனியின் சம்மதம் வேண்டும், அது சும்மா கிடைப்பதில்லை. ஆகவே எவ்வளவு நேரம் விடுவது என்ற கணக்கைக் குடும்பத்தில் மாற்று வழி மிகவும் குறைந்த ஆளை வைத்துத்தான் போட வேண்டும். உங்கள் குடும்பத்தில் அது பரந்தனிலிருந்து வரும் இரண்டு பேர்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கப்பல் மலேசியத் துறைமுகத்தைத் தொடுகிறது என்றால், அப்பா அம்மா கரையில் இறங்காமல் கப்பலுக்குள்ளேயே இருந்தாலும் மலேசிய விசா வேண்டுமா என்று கப்பல் கம்பனியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்க அண்ணாவிடம் சொல்லுங்கள். கம்பனிக்குக் கம்பனி, பயணத்துக்குப் பயணம் இது வேறுபடும். வாய்வார்த்தையை நம்பி முனையத்தில் போய் நின்றால், மேசையில் இருக்கும் பிள்ளை தன் கணினியில் உள்ளதைத்தான் பார்ப்பாள். விசா வேண்டும் என்று அதில் இருந்தால், எத்தனை மணித்தியாலம் முன்னமே வந்திருந்தாலும் ஏற விடமாட்டார்கள்.

இனி ஊரிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க வரைக்கும். நீங்கள் கணக்கைச் சிங்கப்பூரில் விமானம் இறங்கும் நேரத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான் பரந்தன் சந்தியிலிருந்து தொடங்குகிறேன். காலை 7.30க்குச் சிங்கப்பூரில் இறங்க வேண்டும் என்றால், பறப்பு நான்கு மணித்தியாலம் அளவு, அங்கத்தைய நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால், ஆகவே கொழும்பில் விமானம் நள்ளிரவு தாண்டி 1 மணி வாக்கில் எழும்பும். இந்த இடத்தில்தான் நான் எல்லோரையும் நிறுத்தித் திகதியைத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். டிக்கெட்டில் வெள்ளி 1 மணி என்று இருந்தால், வியாழன் இரவு 9.30க்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும், வியாழன் காலையே வீட்டைப் பூட்டி வெளிக்கிட வேண்டும். வெள்ளி என்று வாசித்துவிட்டு வெள்ளி இரவு பெட்டியோடு வந்து நின்றவர்களைக் கட்டுநாயக்கவில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய விமானம் முதல் நாள் இரவே போயிருக்கும். நான் சொல்லும் வியாழன் காலை வருகைக்கு, வீட்டிலிருந்து புறப்படும் நாள் புதன்கிழமை. நாட்காட்டியில் 'புதன் காலை வான்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

பரந்தனிலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 300 கிலோமீற்றர். முறிகண்டியில் நிறுத்தி, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று போனால் நல்ல நாளில் ஆறு ஏழு மணித்தியாலம். மழைக்காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது, இதே அனுராதபுரம் புத்தளம் வீதியில் கலா ஓயா பெருகி, பயணிகளோடு வந்த பஸ் ஒன்று வெள்ளத்துக்குள் நின்றுபோனதும் கடற்படை வந்து ஆட்களை மீட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ரயிலும் அப்போது ஓடவில்லை. அது அபூர்வமான பேரழிவுதான், ஆனாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை எங்கள் பக்கத்தில் ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தாலே வீதியில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். கோடையிலும் இரவுப் பயணத்தில் யானை குறுக்கே நிற்கும். உங்கள் பயணம் மாரியில் என்றால் புதன் வேண்டாம், செவ்வாயே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கச் சொல்லுவேன். நீர்கொழும்பிலிருந்து விமான நிலையம் கிட்ட.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்து அங்கிருந்து சிங்கப்பூர் போனால் வீதி அலைச்சல் மிச்சம்தானே என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். யோசனை பிழையில்லை, பரந்தனிலிருந்து பலாலி பக்கம்தான். ஆனால் இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டாக இல்லாவிட்டால், சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டிவரும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் தடவை பறக்கும் அப்பாவுக்கு இந்த வேலை வேண்டாம். கொழும்பிலிருந்து நேர் விமானமே நல்லது.

அண்ணாவின் பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் வர வேண்டும், மொத்தத்தில் இருபது மணித்தியாலத்துக்கு மேல். சிங்கப்பூர் ரொறன்ரோவைவிட 12 அல்லது 13 மணித்தியாலம் முன்னால் இருப்பதால், புதன் இரவு ஏறினால் வெள்ளி விடியத்தான் இறங்கலாம். அப்புறம் டிசம்பர் முதல் மார்ச் வரை ரொறன்ரோவில் பனிக்கொட்டலில் விமானங்கள் அடிக்கடி பிந்தும். அவர் இரண்டு நாள் முன்னமே வந்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். கப்பல் முன்பதிவு முழுவதும் அவர் பெயரில், அவருடைய கடனட்டையில், அவருடைய ஃபோனில் இருக்கும். அவர் வராமல் அப்பா அம்மா மட்டும் முனையத்தில் நிற்கும் நிலை வரக்கூடாது. என்னவானாலும் அவர்கள் இருவரின் பயணப் பத்திரங்களை அச்சடித்து அப்பாவின் கைப்பையில் கொடுத்துவிடுங்கள்: கப்பல் முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் விமான டிக்கெட். கட்டுநாயக்கவில் டிக்கெட் மேசையிலும் கேட்பார்கள், சிங்கப்பூர் குடிவரவிலும் கேட்கலாம்.

பெட்டி விடயத்தில் ஒரு இரவு முன்னால் போவதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பெட்டி கொழும்பிலேயே தவறிப்போனால் அடுத்த விமானத்தில் வந்துவிடும், ஹோட்டலில் இருப்பவருக்குக் கொண்டுவந்தும் கொடுப்பார்கள். கப்பலில் போனவருக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? கப்பல் முனையத்திலும் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், அறைக்கு அவை வந்துசேர இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகலாம். ஆகவே சீனி, பிரஷர் மருந்துகள், கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மருந்து பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, வைத்தியரின் துண்டோடு இருக்கட்டும்.

காப்புறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுங்கள், ஆனால் எடுத்தால் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பல பத்திரங்களில் புறப்பாட்டைத் தவறவிட்டதற்கான பகுதி தனியாக இருக்கும், அதில் இரண்டு பயணங்களுக்கும் இடையில் குறைந்தது இத்தனை மணித்தியாலம் விட்டிருக்க வேண்டும், விமானம் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். உங்கள் பத்திரத்தைப் பார்க்காமல் அதில் என்ன கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கப்பல் கம்பனி மூலமாகவே விமான டிக்கெட்டும் எடுத்தால், விமானம் பிந்தும்போது அவர்களே வேறு ஒழுங்கு செய்வார்கள் என்பது ஓரளவுக்கு உண்மை. அந்த ஒழுங்கும் அடுத்த துறைமுகத்தில் ஏற்றுவதாகத்தான் இருக்கும், மேலே சொன்ன மலேசிய விசா பிரச்சினையை அது தீர்க்காது. காசு திரும்பக் கிடைத்தாலும், குடும்பம் ஒன்றாகக் கப்பலில் இருக்கும் அந்த நான்கு இரவு திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

ஒரே நாளில் இறங்கி ஏறுவது எப்போதும் பிழை என்று நான் சொல்லவரவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் சிங்கப்பூருக்குக் காலையில் வந்து பின்னேரம் கப்பல் ஏறினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு விமானம் போனால் அடுத்தது இருக்கிறது, அதுவும் போனால் பஸ் இருக்கிறது. பின்னால் மாற்று வழி எத்தனை உண்டு என்று பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

வியாழன் தங்குவதற்கு சிராங்கூன் வீதிப் பக்கம் பாருங்கள். தமிழில் கதைத்து இட்லி தோசை வாங்கிச் சாப்பிடலாம், வீரமாகாளியம்மன் கோவிலுக்கு நடந்தே போகலாம், அப்பாவுக்கு அந்நியமாகத் தெரியாது. அங்கிருந்து கப்பல் முனையம் டாக்சியில் கிட்ட. முனையத்தின் பெயரை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சிங்கப்பூரில் பயணிகள் கப்பலுக்கு இரண்டு இடங்கள் உண்டு: மரீனா சவுத்தில் 2012இல் திறந்த மரீனா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட்டில் பழைய முனையம் மற்றது. டாக்சிக்காரரிடம் 'கப்பல் முனையம்' என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோவார் என்று சொல்ல முடியாது. டிக்கெட் போடும்போதே இருவருக்கும் சக்கர நாற்காலி உதவியும் கேட்டுவிடுங்கள். நடக்கக்கூடியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, கூடவே ஒரு ஊழியர் வந்து வழிகாட்டுவார், சாங்கியில் தமிழ் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

சிங்கப்பூர் போக விசா தேவையில்லை என்றாலும் பாஸ்போட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், எஸ்ஜி அரைவல் கார்ட் என்ற படிவத்தை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளத்துக்குள் போய்விடாதீர்கள். வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் திரும்பிவந்து இறங்கும்போதும் மறுபடி ஒன்று நிரப்ப வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திரும்பும் விமானத்தை அண்ணா செவ்வாய் காலை 11 மணிக்கு எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். கப்பல் விடிய 6, 7 மணிக்குக் கட்டினாலும், தளம் தளமாக, பெட்டியில் ஒட்டிய துண்டின் நிறப்படிதான் ஆட்களை இறக்குவார்கள். வயதானவர்கள் வெளியே வர ஒன்பதரை, பத்து ஆகும். பின்னேரம் அல்லது இரவு விமானம் என்றால் அந்தரப்படாமல் போகலாம். கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்கினால், வானை விடியும்வரை நிறுத்திவைத்து வெளிச்சத்தில் வெளிக்கிடச் சொல்லுங்கள். கப்பலின் பெயரையும் போகும் துறைமுகங்களையும் இங்கே எழுதினால், எந்த முனையம், மலேசிய விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.